மார்லீன் பிறந்த ஆண்டு 1901

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் திரை நடிகர்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் படங்களைப் பற்றிய பகுதிகள் அருமை. வாழ்க்கைக் குறிப்புகளில்தான் கோளாறு. மார்லீன் டீட்ரிச் 1904இல் பெர்லினில் பிறந்தார், ‘ப்ளூ ஏஞ்சல்’ அவருடைய முதல் படம், எமில் யானிங்ஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், ‘ப்ளூ ஏஞ்சல்’ படத்துக்காகவே ஆஸ்கர் வாங்கினார் என்று நான்கு செய்திகள் அச்சாகியிருக்கின்றன. நான்குமே தவறு.

மார்லீன் பிறந்தது 1901 டிசம்பர் 27. மூன்று வயதைக் குறைத்துச் சொன்ன 1904 என்ற கணக்கு விளம்பரங்களில் புழங்கி, அங்கிருந்து புத்தகங்களுக்குள் போய்விட்டது. சாதாரணமாக இப்படிப்பட்ட பிழையை வயதுக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம். இங்கே அது முடியாது. அவர் ருடால்ஃப் சீபரை மணந்தது 1923 மே 17. 1904இல் பிறந்திருந்தால் மணமகளுக்கு 18 வயது, 1901 என்றால் 21. இரண்டுமே நடக்கக்கூடியதுதான். அதனால்தான் அந்தத் தவறு இத்தனை காலம் நிலைத்தது. ஐந்து புத்தகங்களில் ஒரே ஆண்டு இருக்கிறது என்பதும் ஆதாரம் ஆகாது. ஐந்தும் ஒரே விளம்பரத் தாளிலிருந்து எடுத்திருந்தால் சாட்சி ஒன்றுதான்.

பிறந்தபோது எழுதிய பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். பெர்லின் பகுதியை உள்ளடக்கிய பிரஷ்ய அரசில் 1874 அக்டோபரிலிருந்தும், ஜெர்மன் பேரரசு முழுவதிலும் 1876 ஜனவரியிலிருந்தும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசுப் பதிவாளரே பதிந்தார். இப்போதைய சட்டப்படி பிறப்புப் பதிவேடு 110 ஆண்டும், திருமணப் பதிவேடு 80 ஆண்டும், இறப்புப் பதிவேடு 30 ஆண்டும் பதிவு அலுவலகத்தில் இருந்துவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். அதன்பின் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தேட முடியாது. எந்தப் பதிவு அலுவலகம், எந்த ஆண்டு என்று தெரிந்தால்தான் அந்த ஆண்டின் பெயர்ப் பட்டியலைப் புரட்டி, பதிவு எண்ணைப் பிடிக்க முடியும்.

பதிவு கைக்கு வந்த பிறகும் வழுக்கும் இடங்கள் உண்டு. தாளின் தலையில் முதலில் கண்ணில் படும் தேதி, தகவல் சொல்ல ஆள் வந்த நாள். பிறந்த நாள் அதற்குச் சில வரிகள் கீழே, நீண்ட வாக்கியத்துக்கு நடுவில் இருக்கும். ஒரு வாரத்துக்குள் வந்து சொன்னால் போதும் என்பதால், டிசம்பர் கடைசியில் பிறந்த குழந்தையின் பதிவு ஜனவரித் தேதியோடு தொடங்கலாம். மேல் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு போனால் ஆண்டே மாறிவிடும். பிறந்த நாளை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதுவார்கள். ஜெர்மனில் இருபத்தேழை ‘ஏழும் இருபதும்’ என்றுதான் சொல்வார்கள், ஒன்றாம் இடம் முன்னால் வரும். போதாக்குறைக்குப் பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘e’ என்ற எழுத்து ‘n’ போலத் தெரியும். அதே எழுத்தரின் கையில் உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லை, உதாரணமாக மாதப் பெயரை, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிப்பதுதான் வழி. பக்க ஓரத்துக் குறிப்பை விட்டுவிடக் கூடாது. பிற்காலத் திருமணமும் இறப்பும் பல பதிவுகளில் அங்கேதான் இருக்கும்.

இடத்தையும் அந்த ஆண்டின் வரைபடத்தில் பார்க்க வேண்டும். மார்லீன் பிறந்தது ஷோனபெர்க்கில், அன்றைய செடான் தெருவில். இன்று அது லேபர் தெரு. 1901இல் ஷோனபெர்க் தனி நகரம், பெர்லினோடு சேர்ந்தது 1920 அக்டோபர் 1. ‘இன்றைய பெர்லினின் ஷோனபெர்க்’ என்று எழுதினால் சரி. ‘வான் லோஷ்’ என்பதை அவருடைய பிறப்புக் குடும்பப் பெயராகப் போடுவதும் தவறு. அது தாயின் இரண்டாவது கணவரின் பெயர். தந்தை காவல் துறையில் இருந்த டீட்ரிச்.

முதல் படம் பற்றிய தவறைத் திருத்துவது எளிது. ‘ப்ளூ ஏஞ்சல்’ பெர்லினில் முதலில் திரையிடப்பட்டது 1930 ஏப்ரல் 1. அதற்கு ஏழு ஆண்டு முன்னால், 1923இல் வந்த ‘ட்ராகோடி டேர் லீபே’ படத்திலேயே மார்லீன் சிறு வேடத்தில் இருக்கிறார். அதன் நாயகன் யாரென்றால், இதே யானிங்ஸ்தான்.

யானிங்ஸ் 1884 ஜூலை 23 அன்று சுவிட்சர்லாந்தில், போடன் ஏரிக்கரையிலுள்ள ரோர்ஷாக்கில் பிறந்தார். தந்தை அமெரிக்க வணிகர் என்பதால் புரூக்ளின் கதை நம்பும்படியாக இருந்தது, அவ்வளவே. ஆஸ்கர் கிடைத்தது ‘தி லாஸ்ட் கமாண்ட்’, ‘தி வே ஆஃப் ஆல் ஃப்ளெஷ்’ என்ற இரு படங்களுக்குச் சேர்த்து. கணக்கில் எடுத்துக்கொண்ட காலம் 1927 ஆகஸ்ட் முதல் 1928 ஜூலை வரை, விழா நடந்தது 1929 மே 16. ‘1928 விருது’ என்று ஒரு நூலும் ‘1929 விருது’ என்று இன்னொரு நூலும் சொன்னால் சண்டை வேண்டியதில்லை, எந்தத் தேதியைச் சொல்கிறோம் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. எப்படிப் பார்த்தாலும் 1930இல் வந்த படத்துக்கு 1929இல் விருது கொடுக்க முடியாது.

இறந்த தேதிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. ஜெர்மன் முறையில் நாள் முதலில், மாதம் அடுத்து. யானிங்ஸ் ஆஸ்திரியாவின் ஷ்ட்ரோபிலில் இறந்தது 2.1.1950, அதாவது ஜனவரி 2. மார்லீன் பாரிஸில் இறந்தது 6.5.1992, அதாவது மே 6. அமெரிக்கப் பழக்கத்தில் படித்தால் இவை பிப்ரவரி 1, ஜூன் 5 என்று ஆகிவிடும். மாதத்தை எழுத்தால் அச்சிடுவது இதழுக்கு நல்லது.

திருத்தம் போடும்போது மார்லீன் படத்துக்குக் கீழே உள்ள ‘1904 – 1992’ என்ற வரியையும் சேர்த்து மாற்றுங்கள். கட்டுரையைப் படிக்காதவர்களும் அந்த வரியைப் படித்திருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி