கிட்டார் நெக் ஆர்டர் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, நம் பழைய கிட்டாரைச் சரிசெய்ய என்று நீ கூடவே அனுப்பியிருந்த அந்த உதிரிபாகப் பட்டியல்தான் காரணம். மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, இரண்டாவது தடவை பொறாமை, மூன்றாவது தடவை கொஞ்சம் பயம். பயம் ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. பெரியவள் படிப்பை முடித்துவிட்டாள், வேலை கிடைக்கிறவரை வீட்டில் இருக்கிறாள், என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரைத் தன் அறைக்கு நகர்த்திக்கொண்டு போய்விட்டாள், கேட்டால் “நீங்கதான் வாசிக்கிறதே இல்லையேப்பா” என்கிறாள். என்ன பதில் சொல்ல? உன் மகன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாய், உன் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

சரி, கிட்டாருக்கு வருவோம்.

அந்தப் பழைய பாடியை, கிட்டாரின் உடல் கட்டையை, நீ இன்னும் வைத்திருக்கிறாய் என்பதே ஆச்சரியம். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாருக்குப் பெயர்கூட இல்லாத ஒரு நகல், நாம் மூன்று பேர் மாற்றி மாற்றி வாசித்தது, பின்பக்கம் பெல்ட் பக்கிள் உரசி உரசி வார்னிஷ் போய் மரம் தெரியுமே, அதுதானே? நெக், அதாவது இடது கையால் பிடிக்கிற கழுத்துக் கட்டை, முறுக்கிக்கொண்டுவிட்டது என்கிறாய். அதன் உள்ளே ஓடுகிற உலோகக் கம்பியான டிரஸ் ராடைத் திருகினால் நெக் முன்னும் பின்னும் வளைவதைத்தான் சரிசெய்யலாம், ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கு விழுந்தால் அதற்கு ஒன்றும் செய்ய வராது. அதனால் புது நெக் என்ற உன் முடிவில் எனக்கு ஆட்சேபமில்லை. சொன்ன அளவுக்குச் செய்து கொடுக்கிறவர்களிடம் வாங்கலாம் என்பதும் நல்ல யோசனைதான். என் பயமெல்லாம் அந்த ‘சொன்ன அளவு’ என்பதைப் பற்றித்தான்.

கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் கதையை நீ எழுதியிருந்தாய். உண்மைதான், 1970-இல் நாஷ்வில்லில் ஒரே கடையில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மூன்றில் நல்ல பாகங்களாகப் பொறுக்கிச் சேர்த்துத்தான் ‘பிளாக்கி’ என்கிற தன் கிட்டாரைச் செய்துகொண்டார். ஆனால் அந்த மூன்றும் ஒரே தொழிற்சாலையில் ஒரே அளவில் அறுத்து, ஒரே மாதிரி துளை போட்டு வந்தவை, அதனால் ஒன்றின் நெக் இன்னொன்றின் பாடியில் போய் உட்கார்ந்தது. நெக்கை ஒட்டாமல் நாலு திருகால் பிணைக்கிற லியோ ஃபெண்டரின் ஏற்பாட்டுக்கு அர்த்தமே கழற்றி மாற்றலாம் என்பதுதானே. நம்முடையது யார் அறுத்தது, எந்த அளவு மாதிரியை வைத்து அறுத்தார்கள், ஒன்றும் தெரியாது. பார்க்க ஸ்ட்ராட் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நீ ஆர்டர் படிவத்தில் ‘ஸ்ட்ராட் பொருத்தம்’ என்று தேர்ந்தெடுத்தால் அவர்கள் அசல் ஸ்ட்ராட்டுக்குப் பொருந்துகிற மாதிரி கச்சிதமாகச் செய்து அனுப்புவார்கள். அந்தக் கச்சிதம்தான் என் கழுத்தை அறுத்தது.

உனக்கு இதை நான் சொல்லவே இல்லை, வெட்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு பழைய பாடிக்கு நெக் வரவழைத்தேன். படிவத்தில் ‘திருகுத் துளை போட்டு அனுப்பவா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. துளை போடுகிற வேலை மிச்சம் என்று டிக் அடித்தேன். பார்சல் வந்தது, பிரித்தேன், மேப்பிள் மரம், ஃபிரெட் என்கிற குறுக்குக் கம்பிகளின் ஓரமெல்லாம் கையில் குத்தாமல் வழித்து விட்டிருந்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. நெக் உட்காருவதற்குப் பாடியில் குடைந்திருக்கிற பாக்கெட்டில் வைத்தேன், கும்மென்று உட்கார்ந்தது. பின்பக்கம் திருப்பித் திருகைப் போட்டால் முதல் திருகு இறங்குகிறது, இரண்டாவது பாதியில் நிற்கிறது, மூன்றாவது துளையில் எட்டிப் பார்த்தால் வெறும் மரம். என் பாடியில் துளைகள் ஏறத்தாழ இரண்டு மி.மீ. தள்ளி இருந்தன. செய்தவர்கள் மேல் தப்பே இல்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள். அளவு சொல்லிச் செய்த சாமானை அனேகமாக யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை, அதையும் அந்தப் படிவத்தின் அடியிலேயே எழுதியிருந்தார்கள், நான்தான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை.

அப்புறம் என்ன, புது நெக்கின் நாலு துளையையும் பெரிதாக்கி, கெட்டி மரத்தில் சின்ன உருளைக் குச்சி வெட்டி, பசை தடவி அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாகச் சீவினேன். இனிமேல்தான் விஷயமே. நெக்கைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்து, கம்பியை முறுக்குகிற ட்யூனர்களில் இரண்டு ஓரத்தில் இருப்பவற்றிலிருந்து இரண்டு நூலை, நெக்கின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்குகிற நட் வழியாக இழுத்து, பாடியில் கம்பி முடிகிற பிரிட்ஜில் கட்டினேன். கம்பி போகவேண்டிய வழியில் நூல். இரண்டு நூலும் விரல் பதிக்கிற பலகையான ஃபிங்கர்போர்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் சமதூரத்தில் வருகிறவரை நெக்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, பாடியின் துளை வழியாகவே குறி வைத்து, அப்புறம்தான் துளை. டிரில் பிட்டில் எவ்வளவு ஆழம் என்று டேப் சுற்றிக்கொண்டேன், இல்லாவிட்டால் ஃபிங்கர்போர்டு வழியாக மேலே எட்டிப் பார்த்துவிடும். திருகில் கொஞ்சம் மெழுகு தேய்த்து இறக்கினேன். மொத்தம் இரண்டு சனி ஞாயிறு போயிற்று. துளை இல்லாமல் வாங்கியிருந்தால் அரை மணி நேர வேலை. அதனால் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்காதே.

இப்போது உன் பட்டியல். அளவெல்லாம் கேட்டலாக்கைப் பார்த்து எழுதியிருக்கிறாய் என்று பார்த்தாலே தெரிகிறது, அத்தனையும் முழு எண்கள். கையில் இருக்கிற சாமானை அளந்தால் முழு எண் வராது ரகு. அசல் ஸ்ட்ராட்டில் நெக்கின் அடிப்பகுதி அகலம் 2 அங்குலமும் 3/16-உம், அதாவது 55.6 மி.மீ. பாக்கெட்டின் ஆழம் 5/8 அங்குலம், 16 மி.மீ.க்கு மயிரிழை குறைவு. உன்னுடையதில் எவ்வளவு? பழைய பெயின்ட் பாக்கெட்டின் உள்ளே வழிந்து கெட்டியாகியிருந்தால் அதுவே இடம் பிடித்துக்கொள்ளும், அதோடு புது நெக்கை இறுக்கி அமுக்கினால் ஓரத்தில் பெயின்ட் வெடிக்கும். முதலில் அதைச் சுரண்டிவிட்டு அப்புறம் அள. ஆழம் குறைவாக இருந்தால் நெக் மேலே தூக்கி நிற்கும், பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற சாடிலை எவ்வளவு ஏற்றினாலும் கம்பி ஃபிரெட்டைத் தொட்டுக் கரகரக்கும். ஆழம் அதிகமென்றால் கம்பி விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும்.

அதைவிட முக்கியமானது ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து சாடில் வரை கம்பி அதிர்கிற நீளம். நீ 25.5 அங்குலம் என்று போட்டிருக்கிறாய். பாடி ஸ்ட்ராட் உருவத்தில் இருப்பதாலேயே பிரிட்ஜும் 25.5-க்கு வைத்திருப்பார்கள் என்று நம்பாதே. ஃபெண்டர் கம்பெனிக்கு 25.5, கிப்சன் கம்பெனிக்கு 24.75 என்று சொல்லிக்கொள்வது வழக்கம், பெயரில்லாத நகல்களில் இரண்டும் இல்லாமல் நடுவில் ஏதாவது இருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் 19 மி.மீ., சாடிலை நகர்த்திச் சமாளிக்கிற தூரமில்லை அது. அதற்குத்தான் சொல்கிறேன், முறுக்கின நெக்கைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதைத் திரும்ப மாட்டு, நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கு, அதுதான் உன் கிட்டாரின் ஸ்கேல். அப்படியே பன்னிரண்டாவது ஃபிரெட்டிலிருந்து மெல்லிய ஈ (E) கம்பியின் சாடில் வரைக்கும் அள, ஏறத்தாழ அதே பாதி வரவேண்டும். வராவிட்டால் எனக்கு எழுது, எதையும் வாங்காதே.

21 ஃபிரெட்டா 22-ஆ என்று கேட்டிருந்தாய். 22 வாங்கலாம், பெரும்பாலும் அந்தக் கூடுதல் ஃபிரெட்டுக்காக ஃபிங்கர்போர்டு மட்டும் நாக்கை நீட்டினாற்போல் வெளியே வந்து, பாடியின் முகத்தை மூடுகிற தகடான பிக்கார்டின் மேல் கிடக்கும். பிறகு பிக்கார்டைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் நெக்கைக் கழற்ற வேண்டும். எதையும் ஒரு மாதம்கூடச் சும்மா விடாமல் திறந்து பார்க்கிற உன்னை மாதிரி ஆளுக்கு 21 நல்லது.

ட்யூனர் விஷயத்தில் நீ ஒரு தப்பு பண்ணியிருக்கிறாய். நெக்கில் 10 மி.மீ. துளை கேட்டிருக்கிறாய், ஆனால் பழைய பாணி ட்யூனர் போட்டிருக்கிறாய், அதற்கு 9 மி.மீ.கூட வேண்டாம். துளையைச் சிறிதாக்குகிற மாற்றுப் புஷ் கிடைக்கும், ஆனால் நாமே அளவு சொல்லிச் செய்கிற நெக்கில் எதற்கு அந்த ஒட்டுப்போடுகிற வேலை? முதலில் ட்யூனரை வாங்கு, கையில் வைத்து அள, அப்புறம் நெக்கில் துளை சொல். பிரிட்ஜும் அப்படியே. பழைய பாணி ஆறு திருகு டிரெமலோ பிரிட்ஜில் முதல் திருகுக்கும் ஆறாவது திருகுக்கும் இடையே 56 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும், நகல்களில் 52.5 சகஜம். உன் பாடியில் துளை ஏற்கெனவே இருக்கிறது, அது என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் மூலம் பாதி உலகம் அங்குலத்திலும் பாதி உலகம் மில்லிமீட்டரிலும் துளை போடுவதுதான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பாட்டும் (pot) அதன் தலையில் மாட்டுகிற நாபும் (knob) வாங்கும்போது பார். அங்குல அளவு பாட்டின் தண்டில் 24 பல், மெட்ரிக்கில் 18. ஒன்றின் நாப் இன்னொன்றில் போகாது, போனால் ஆடும். போதாததற்கு அங்குல பாட் நுழைய பிக்கார்டில் 9.5 மி.மீ. துளை வேண்டும், மெட்ரிக்குக்கு 7-ஓ 8-ஓ போதும். என் மேஜை இழுப்பறையில் எதற்கும் சேராத நாப் ஏழு கிடக்கிறது, வேண்டுமானால் உன் மகனுக்கு அனுப்புகிறேன். ஆங், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பில் இரண்டு காயில் உள்ள வகை, போடுகிறாய் என்றால் அதற்கு 500 கிலோ ஓம் பாட் போடு. சிங்கிள் காயிலுக்கு வழக்கமாகப் போடுகிற 250-ஐ அதில் போட்டால் மேல் ஸ்வரங்களின் மினுக்கு மங்கிவிடும்.

பிக்கார்டை மட்டும் தயவுசெய்து ரெடிமேடாக வாங்காதே. பழசை ஒரு காகிதத்தில் வைத்து, முனை கூரான பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்து, எல்லாத் திருகுத் துளையையும் குறித்து, ஓரத்தில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு ஸ்கேன் செய்து அனுப்பு. அந்தக் கோடு எதற்கென்றால், பிரின்டர் நம்மைக் கேட்காமலே பக்கத்துக்கு அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்கிவிடும், கோடு 97 ஆகியிருந்தால் செய்கிறவருக்கு உடனே தெரியும்.

நெக்கின் தடிமனுக்கு நீ ‘சி வடிவம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய், அது போதாது. கைக்கு இதமாக இருக்கிற ஒரு கிட்டாரை யாரிடமாவது வாங்கி, முதல் ஃபிரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் காலிபர் வைத்து அளந்து பார். முதல் ஃபிரெட்டில் 21 மி.மீ. என்றால் மெலிசு, 25 என்றால் மண்வெட்டிக் காம்பு. ஃபிங்கர்போர்டின் வளைவுக்கு ரேடியஸ் 9.5 அங்குலம் போட்டிருக்கிறாய், நல்லது. பழைய 7.25 கார்டு (chord) பிடிக்கச் சுகம், ஆனால் கம்பியைத் தாழ்வாக வைத்து மேல் ஃபிரெட்டில் பென்ட் பண்ணினால், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால், பாதியில் சத்தம் செத்துவிடும், நீயோ பென்ட் பண்ணாமல் இரண்டு நிமிஷம் வாசிக்க மாட்டாய்.

கடைசியில் ‘பழசு போலத் தேய்த்துத் தரும் ஃபினிஷ்’ என்று ஒன்று போட்டிருக்கிறாயே, அதை அடித்துவிட்டேன். அந்தப் பாடியில் நாம் போட்ட கீறல் போதாதா?

இந்த வாரத்தில் பாக்கெட்டின் அகலம், ஆழம், நீளம், பழைய நெக்கின் அளவு, பின்பக்க நாலு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், பிரிட்ஜ் துளை, இவ்வளவையும் அளந்து எழுது. படம் எடுத்தால் காலிபரின் எண் தெரிகிற மாதிரி எடு. காலிபர் இல்லையென்றால் என்னுடையதை அனுப்புகிறேன், ஸ்கூல் ஸ்கேலை வைத்து அளந்து அனுப்பினால் படிக்கக்கூட மாட்டேன். சால்டரிங் வேலையைப் பெரியவள் செய்து தருகிறாளாம், கை நடுங்காமல் செய்கிறாள், என்னைவிட நன்றாகவே. பிக்கார்டைக் கழற்றும்போது நடு பிக்கப் குழிக்குள் பார், நாம் மூன்று பேரும் பேனாவால் போட்ட கையெழுத்து இன்னும் இருக்கிறதா என்று சொல்.

அன்புடன்,
பாலு