முகவாண்மை இணையதளம்: வாக்களிக்கும் முன் படிக்கவும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். நமது மருத்துவக் காப்பீட்டு முகவாண்மையின் இணையதளத்தை எதில் அமைப்பது என்ற பேச்சு இந்த வாரத்தோடு முடிய வேண்டும்.

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற, சந்தா கட்டித் தளம் அமைக்கும் சேவைகளில் வேலை சீக்கிரம் முடியும். பராமரிப்பும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. ஆனால் பின்னாளில் விலக நினைத்தால் தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், தளம் அமைக்க உதவும் திறந்த மூல மென்பொருள்; அதாவது, அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். வேறு சர்வருக்கு மாற்றலாம். பதிலுக்கு, செருகுநிரல்களை (கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்களை) விடாமல் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலையை யார் செய்வார் என்று சொல்லாமல் வேர்ட்பிரஸுக்கு வாக்களிக்காதீர்கள்.

அழகைவிட எனக்குக் கவலை படிவம்தான். பிரீமியம் விசாரிக்கும் படிவத்தில் பெயர், வயது, தொடர்பு எண் போதும். சர்க்கரை நோய் உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா என்றெல்லாம் கேட்டு, பதிலைச் சாதாரண மின்னஞ்சலில் வாங்குவது வேண்டாத வம்பு. அந்த விவரங்களை வாடிக்கையாளர்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பாதுகாப்பான விண்ணப்பப் பக்கத்திலேயே நிரப்பட்டும். எச்டிடிபிஎஸ் (தகவலை மறையாக்கி அனுப்பும் பாதுகாப்பு முறை) இல்லாத தளம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, முகவாண்மையின் பெயரில் பதிவாக வேண்டும், வடிவமைப்பாளரின் பெயரில் அல்ல.

மாதிரிப் பக்கங்களைக் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் தேர்வை இங்கே எழுதுங்கள். ‘எல்லாமே நன்றாக இருக்கிறது’ என்ற பதில் கணக்கில் வராது.