கந்தளாய் உடையவில்லை, மச்சான்

உவர்மலை,
திருகோணமலை.
18.01.2026

அன்புள்ள ரவி,

நீ அனுப்பிய காசு கிடைத்தது. உங்கள் வீட்டுக் கூரைக்குத் தகடு வாங்கி வைத்தாயிற்று. பொங்கலுக்கு அடுத்த நாள் வருவேன் என்ற மேசனைத்தான் இன்னும் காணவில்லை. கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டோம். வேம்பு நிற்கிறது, பின்மதிலோடு நின்ற முருங்கை போய்விட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

இனி உன்னோடு எனக்குள்ள சண்டைக்கு வருகிறேன். தொலைபேசியில் தொடங்கினால் நீ வழக்கம்போலச் சிரித்து மழுப்பிவிடுவாய். கணக்கு வாத்தியாரையே மழுப்பினவன் நீ. அதனால்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 28, வெள்ளி இரவு. டித்வா புயல் எங்களைத் தாண்டி வடக்கே ஏறிக்கொண்டிருந்த நேரம். கரண்ட் போய் நெடுநேரமாகியிருந்தது. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஒருமுறை வந்தபோது உன் வட்ஸ்அப் வந்து விழுந்தது. அழுகிற குரலில் ஒரு பெண்: “கந்தளாய்க் குளம் உடைஞ்சிட்டுதாம், தம்பலகாமம் முழுக்கத் தண்ணியாம், எல்லாரும் மேட்டுக்குப் போங்கோ.” அதற்குக் கீழே நீ, “மச்சான், உடனே எல்லாருக்கும் சொல்லு.”

கந்தளாய் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்தச் செய்தி கனடாவில் உன் ஸ்காபரோவுக்குப் போய்ச் சுற்றி என்னிடம் வந்திருக்கிறது! அதை நீ யாரிடமிருந்து எடுத்தாய்? லண்டனில் இருக்கிற நம் வகுப்புக் கூட்டத்திடமிருந்துதானே? அவர்களுக்கு எங்கிருந்து போனது? யாருக்கும் தெரியாது. குரலில் பெயர் இல்லை, நேரம் இல்லை, தான் எங்கே நிற்கிறேன் என்பதும் இல்லை.

நான் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் அதே குரல் வேறு வழியாகத் தம்பலகாமத்துக்கும் போயிருக்கிறது. உனக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குஞ்சியம்மாவின் பேரன் அதைக் கேட்டுவிட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பியிருக்கிறான். 1986 ஏப்ரல் 20 அந்த வீட்டில் மறக்கக்கூடிய நாளா? கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேல் சனம் செத்ததை நாங்களே பள்ளிக்கூட வயதில் கண்டோமே. குஞ்சியம்மா வேறெதையும் கேட்காமல் அந்தக் காற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டார். இருட்டில் வாய்க்கால் கரை வழுக்கி, இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. தகடு வைத்திருக்கிறார்கள், இன்னும் படுக்கைதான். போனபோது உன்னைக் கேட்டார். மாமரத்துக்குக் கல்லெறிந்தவன் வருவானா என்றார்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நீ பதறித்தான் அனுப்பினாய். தூரத்தில் இருப்பவனுக்கு அனுப்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும் என்பதும் தெரியும். ஆனால் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உண்மை எப்படி வந்தது தெரியுமா? சனிக்கிழமை காலையில், தேத்தண்ணிக் கடை வாசலில், மோட்டார் சைக்கிளில் நனைந்துபோய் வந்த ஒரு பொடியன் வாயால். “கட்டு நிக்குது. மிச்சத் தண்ணி வானால பாயுது. நான் கட்டில நிண்டு பாத்திட்டுத்தான் வாறன்.” கடையில் நின்ற அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எத்தனை மணிக்குப் பார்த்தாய்? அவன் நேரம் சொன்னதும் கடையே மூச்சு விட்டது. அதன்பிறகு பாண் வாங்க வந்தவர், ஓட்டோக்காரர், கோவிலுக்குப் போன பெண்கள் என்று மத்தியானத்துக்குள் உப்புவெளி வரை அது போய்ச் சேர்ந்துவிட்டது.

மச்சான், கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

சனிக்கிழமை காற்று ஓய்ந்துவிட்டது. புயல் போய்விட்டது என்று ஊர் ஓலையும் தகடும் பொறுக்கத் தொடங்கியது. ஆனால் மகாவலி ஆற்றுக்கு எங்கள் வானம் வெளித்தது தெரியுமா? மலைநாட்டில் கொட்டிய மழை முழுவதையும் சுமந்துகொண்டு அது அப்போதுதான் கீழே வந்துகொண்டிருந்தது. 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடைசியில் கொட்டியாரக் குடாவில்தானே விழ வேண்டும்? மன்னம்பிட்டியில் ஆற்று மட்டத்தை அளக்கிறார்கள். அங்கே ஏறினால் அடுத்தது வெருகலும் சேருவிலவும் மூதூரும் என்பது வயலில் இறங்கிய எவருக்கும் தெரியும். எங்களுக்குப் புயலின் பெரிய ஆபத்து புயல் போன பிறகுதான் வந்தது. செய்தி ஓட வேண்டிய நேரமும் அதுதான்.

அந்த நேரத்தில்தான் எல்லாம் செத்துக் கிடந்தது. கரண்ட் இல்லாவிட்டால் டவர் கொஞ்ச நேரம் பற்றரியில் ஓடும். பிறகு ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும். டீசல் கொண்டுபோக வீதி வேண்டும். வீதி தண்ணீருக்குள்.

ஞாயிற்றுக்கிழமை மூதூர்ப் பக்கத்து மாவிலாற்றுக் கட்டு உண்மையாகவே உடைந்தது. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஒழுங்கையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “வெள்ளிக்கிழமை கந்தளாய், இண்டைக்கு மாவிலாறோ?” இரண்டு நாளுக்கு முன் பொய்க்கு ஓடியவர்கள் மெய்யைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். மூதூர்ப் பக்கம் அக்காவைக் கட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிகூட நம்பவில்லை. பிறகு ஹெலி பறப்பதைக் கண்டுதான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாவிலாற்றுக் கட்டின்மேல் சிக்கியவர்களை ஹெலியிலும் படகிலும் எடுத்தார்கள். அவன் அக்கா தப்பிவிட்டார். அவர் தப்பினது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கேள்.

ஒரு சீ.ஆர். கொப்பி. மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்தின் பெயர்களை அங்கிருந்த ரீச்சர் ஒருவர் வரிசையாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், எத்தனை பேர் கூட இருக்கிறார்கள், யாருக்குச் சொல்ல வேண்டும், அவருடைய இலக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திகதியும் நேரமும். ஒரு நானா அதைப் பொலித்தீனில் சுற்றி வள்ளத்தில் கொண்டுவந்தார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு வள்ளத்தையே மறந்திருந்தோம். அந்த நாட்களில் அதுதான் எங்களுக்குத் தபால். ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஜெனரேற்றர் ஓடியது. கொப்பியை வைத்துக்கொண்டு முறைபோட்டு ஒவ்வொரு இலக்கமாக எடுத்தோம். லைன் கிடைக்காவிட்டால் திரும்பவும் எடுத்தோம். “உங்கட அம்மா சுகம், இத்தனை மணிக்கு எழுதினது” என்று சொன்னவுடன் அந்தப் பக்கம் அழுகைதான். அந்த ரீச்சரை நான் இன்னும் நேரில் காணவில்லை. கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. வீட்டில் சாப்பிடும்போதும் இதையே கதைக்கிறேன் என்று மனைவி சலிக்கிறாள். எங்களிடம் கோவில் ஒலிபெருக்கி இருக்கிறது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது, ஒவ்வொரு பிரிவுக்கும் கிராம சேவகர் இருக்கிறார். 117க்கு எடுத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம். 2004க்குப் பிறகு சுனாமி ஒத்திகைகூடப் பார்த்தோம். 2012 ஏப்ரலில் எச்சரிக்கை வந்தபோது கடற்கரைச் சனம் ஒழுங்காக மேட்டுக்கு வந்தது. இத்தனையும் இருந்தும் கந்தளாய்க் கட்டில் நிற்கிற ஒருவரை எனக்குத் தெரியாமல் இருந்ததே, அதுதான் என்னை அரிக்கிறது.

ஆகவே இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பட்டியல் போடுகிறோம். கந்தளாய், தம்பலகாமம், சேருவில, வெருகல், மூதூர், குச்சவெளி என்று ஊருக்கு இரண்டு பேர். குளத்தையோ ஆற்றையோ நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள். அவர்கள் பார்த்ததை நேரம் சொல்லிச் சொல்ல வேண்டும். போன் செத்தால் எந்தக் கடையில் கொப்பி வைப்பது, யாருடைய வள்ளம் என்பதையும் இப்போதே பேசி வைக்கிறோம். அடுத்த மாரிக்கு முன் முடித்துவிட வேண்டும்.

உங்கள் கூட்டமும் ஒன்று செய்யலாம். எங்களுக்கு லைன் இல்லாத நேரத்திலும் உங்களுக்கு இருக்கிறது. பட்டியலில் இருப்பவர் சொல்லாத எதையும் குழுவில் போடாதீர்கள். அவர் சொன்னதை எல்லோருக்கும் போடுங்கள். நீ சொன்னால் கேட்பார்கள், எப்போதும் நீதானே மொனிட்டர்.

குஞ்சியம்மாவுக்கு ஒருதரம் எடுத்துக் கதை. மாலை நேரம் நல்லது, பேரன் பக்கத்தில் இருப்பான். இன்னுமொன்று, ஈச்சிலம்பற்றுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உன் அண்ணியின் தம்பி அங்கேதானே படிப்பிக்கிறார்? அவருடைய இலக்கத்தை உடனே அனுப்பு.

மாலதிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சிவா