ஏழாம் வசனத்துக்கு முன்னால் இரண்டாம் வசனம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கிறிஸ்தவ நம்பிக்கையும் மன அமைதியும் பற்றி வந்த கட்டுரைக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற நர்ஸ். வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி அறுவை சிகிச்சை வார்டில், அதிலும் இரவுப் பணியில் கழிந்தது. கட்டுரையாளரின் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் சொல்லாமல் விட்டதில்தான் எனக்குக் குறை.

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள், கவலைகளைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிடுங்கள், மனத்தைக் கலக்குகிறவர்களிடமிருந்து ஒதுங்கியிருங்கள், தேவசமாதானம் தானாக வந்து நிரப்பும் என்கிறார் அவர். அதற்கு ஆதாரமாக வேதாகமத்தில் பிலிப்பியர் நாலாம் அதிகாரம் ஏழாம் வசனத்தைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்: 'எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்.' அழகான வசனம்தான். எத்தனையோ படுக்கைகளின் தலைமாட்டில் அதை ஒட்டிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜெபம் மனத்தை அடக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. நாடி இறங்குவதைக் கையைப் பிடித்துப் பார்த்தவள் நான். 2001-ல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜெபமாலையை லத்தீனில் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு நிதானப்படுகிறது என்று அது காட்டியது. யோக மந்திரத்தைச் சொன்னபோதும் அதே ஆறுதான். ஆக, மூச்சு நிதானப்படுவதுதான் சமாதானம் என்றால் அதற்காகக் கிறிஸ்து சிலுவையில் தொங்கியிருக்க வேண்டியதே இல்லை.

இந்த 'அமைதியாக இரு, விசுவாசி கலங்கமாட்டான்' என்ற போதனை நோயாளிகளை என்ன பாடு படுத்துகிறது என்பதைக் கட்டுரையாளர் பார்த்திருக்க மாட்டார். மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்ற நிலையில் ஒரு பெண்மணி இருந்தார். தலையணைக்கு அடியில் வேதாகமம். இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. 'சிஸ்டர், இதை எழுதிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள்' என்று கெஞ்சினார். கத்தியைப் பற்றிய பயத்தைவிட, தான் பயப்படுவது சபையாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. 'என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்' என்று சொன்ன இயேசு, அன்று இரவே கெத்செமனே தோட்டத்தில் என் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்றாரே அம்மா, வேர்வை இரத்தத் துளிகளைப் போல விழுந்ததே, அவருக்கு விசுவாசம் குறைவா என்று கேட்டேன். சமாதானத்தை வைத்துப்போகிறேன் என்றவருடைய கையும் அன்றைக்கு நடுங்கித்தான் இருக்கும். அந்த அம்மாள் வாய்விட்டு அழுதார். அழுது முடித்த பிறகு எடுத்த அளவைத்தான் எழுதினேன். அது நல்ல அளவாகவே இருந்தது.

இனி வசனத்துக்கு வருகிறேன். ஏழாம் வசனத்தைக் கட்டம் கட்டியவர்கள் அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே பார்த்திருக்கலாம். அப்போஸ்தலர் பவுல் காவலில் இருந்தபடி பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதம் அது. இரண்டாம் வசனத்தில் இரண்டு பெண்களைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்: எயோதியாள், சிந்திகேயாள். இருவரும் அவரோடு சேர்ந்து சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எதற்காக என்று அவர் எழுதவில்லை. கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருங்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறார். யார் பக்கம் நியாயம் என்று ஒரு வரி கிடையாது. அக்காலத்தில் கடிதம் வந்தால் சபை கூடியிருக்கையில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எயோதியாள் ஒரு மூலையிலும் சிந்திகேயாள் இன்னொரு மூலையிலும் உட்கார்ந்திருக்க, தங்கள் பெயர் வாசிக்கப்பட்டபோது முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பார்கள்! அதோடும் பவுல் விடவில்லை. மூன்றாம் வசனத்தில் வேறொருவரைக் கூப்பிட்டு, இந்தப் பெண்களுக்கு உதவியாயிரு என்கிறார். கவலைப்படாமல் ஜெபியுங்கள் என்பதும், எல்லாப் புத்திக்கும் மேலான சமாதானமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சண்டைக்காரர்கள் இருவரையும் விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டிக்கொண்டோம்.

இடையில் ஒரு திருத்தம். 'என்னை உமது சமாதானத்தின் கருவியாக்கும்' என்ற ஜெபத்தை அசிசியின் பிரான்சிஸ் என்ற புனிதர் எழுதியதாகக் கட்டுரை சொல்கிறது. பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அந்த ஜெபம் முதன்முதலில் அச்சில் வந்தது 1912-ல், ஒரு பிரெஞ்சு இதழில். பிரான்சிஸ் இறந்ததோ 1226-ல். அவர் எழுதாத ஜெபத்தை அவர் பெயரில் சொல்லிக்கொண்டு, அவர் செய்ததை மறந்துபோகிறோம். 1219-ல் ஐந்தாம் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோது, எகிப்தில் தமியேத்தா நகரத்துக்கு அருகே, படைகளின் எல்லையைக் கடந்து சுல்தான் அல்-காமிலைப் பார்க்கப் போனார். கையில் ஆயுதம் இல்லை. போரும் நிற்கவில்லை. ஆனால் போனார், பேசினார், உயிரோடு திரும்பினார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல ஜெபம் கிடைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

'சமாதானத்தைத் தேடி, அதைத் தொடர்ந்துகொள்' என்கிறது 34-ஆம் சங்கீதம். வேறெங்காவது மனம் மட்டும் போதும் என்று இருக்கலாம். இங்கே காலுக்கு வேலை இருக்கிறது. மலைப்பிரசங்கத்தில் இயேசு இதை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்துவிட்டாய். அப்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வா. உனக்கு அவன்மேல் கோபம் இருந்தால் என்று சொல்லியிருந்தால் தப்பித்துக்கொள்ளலாம்; எனக்கொன்றும் கோபம் இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவனுக்கு என்மேல் குறை இருந்தாலே நான்தான் எழுந்து போக வேண்டுமாம். என்ன அநியாயம் என்று எனக்கே தோன்றியிருக்கிறது.

தோன்றியதற்குக் காரணம் உண்டு. என் தந்தையின் கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். வீட்டை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மயக்க மருந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன் என்று என் தம்பி நினைத்தான். நர்ஸ்தானே, அவளுக்கு முடியாதா என்று உறவினர்களிடம் சொல்லவும் செய்தான். தொழில் செய்து பிழைத்தவளுக்கு இதைவிடக் கேவலமான பழி இல்லை. அப்பா கையெழுத்துப் போட்ட நாளில் அவருக்கு என்னென்ன மருந்து கொடுக்கப்பட்டது, எப்படிப்பட்ட நினைவோடு இருந்தார் என்பதெல்லாம் மருத்துவக் குறிப்பில் இருந்தன. அதன் நகலை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். விற்றுப் பாதியைத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவன் மனைவி நாற்காலி போட்டாள். அவன் ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான், திருப்புளியைக் கீழே வைக்கவே இல்லை. காகிதத்தை நீட்டினேன். 'இதெல்லாம் நீங்களே எழுதிக்கொள்வதுதானே அக்கா' என்றான். பணமும் வேண்டாம் என்றுவிட்டான்.

திரும்பி வந்து ரோமர் பன்னிரண்டாம் அதிகாரத்தைத்தான் திறந்தேன்: 'கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்.' பவுல் அனுபவப்பட்டவர். கூடாமலும் போகும் என்பது அவருக்குத் தெரியும். அவரே தன் உடன் ஊழியரான பர்னபாவோடு, மாற்கு என்பவரைக் கூட்டிப்போவதைக் குறித்துச் சண்டை போட்டுப் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் போனவர். அப்போஸ்தலருடைய நடபடிகள் அதை மூடி மறைக்காமல் கடுங்கோபம் மூண்டது என்றே எழுதுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில், மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நடுவில் யார் யாரிடம் போனார்கள், என்ன பேசினார்கள் என்று எதுவும் எழுதப்படவில்லை.

என் தம்பி விஷயம் அந்த அளவுக்கும் வரவில்லை. இப்போது அவனுக்கு இரத்த அழுத்தம். மாத்திரை பற்றிச் சந்தேகம் வந்தால் அவன் மனைவி எனக்குத் தொலைபேசியில் பேசுவாள். 'நூற்று நாற்பது இருக்கிறது அண்ணி' என்பாள். பின்னாலிருந்து 'நூற்று நாற்பத்தாறு' என்று அவன் குரல் வரும். 'காலையில் மாத்திரை போட்டாரா?' என்று கேட்பேன். 'போட்டாயிற்று என்று சொல்' என்பான். தொலைபேசியை மட்டும் வாங்கமாட்டான். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியாது. மாதம் தவறாமல் நடக்கிறது. நானும் கூப்பிட்ட நேரத்துக்கு எடுக்கிறேன்.

இவ்வளவு சொன்னதால், எப்படியாவது ஒத்துப்போங்கள் என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி எடுத்துக்கொண்டால் இந்தக் கடிதத்தை எழுதாமலே இருந்திருக்கலாம். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஒரு பெண் வார்டுக்கு வந்தாள். வழுக்கி விழுந்தேன் என்றாள். வழுக்கி விழுந்தவர்களின் கழுத்தில் விரல் தடம் இருக்காது. சபை மூப்பர்கள் இருவர் பார்க்க வந்தார்கள். கட்டிலுக்கு இருபுறமும் நின்று ஜெபித்தார்கள். 'சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் மகளே, வீட்டுக்குப் போய் விட்டுக்கொடுத்து நட' என்றார்கள். அவள் கணவனிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் மனம் புண்பட்டிருக்கிறார், இப்போது பேச வேண்டாம் என்று பதில் வந்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்பினேன். நேரம் முடியவில்லை. அந்தப் பொய்க்காக இதுவரை மனம் வருந்தவில்லை.

எரேமியா தீர்க்கதரிசி இவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். சமாதானமில்லாதிருந்தும் சமாதானம், சமாதானம் என்று சொல்லி, ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. வார்டில் இருந்தவளுக்கு இந்த வசனம் விளக்கமில்லாமலே புரியும். சீழ் கட்டிய காயம் மேலே மூடிக்கொண்டால் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மறுபடி திறந்துவிட்டு, சீழை வெளியேற்றி, உள்ளே துணி வைத்து, அடியிலிருந்து சதை வளர்ந்து வரும்வரை தினமும் கட்டு மாற்ற வேண்டும். வலிக்கும். நோயாளி எங்களைத் திட்டுவார். வாய் மூடிய காயத்தை ஆறிய காயம் என்று கணக்கு எழுதுகிற நர்ஸ் வேலைக்கு லாயக்கில்லாதவள்.

ஒரு நாட்டின் அளவில் இதை முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டுட்டு தலைவராக இருந்தார். 1996-ல் விசாரணைகள் தொடங்கின. பொதுமன்னிப்பு கேட்டு வந்தவர்கள், தாங்கள் செய்ததை முழுமையாக வெளியே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. 7,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் முதலில் பேசினார்கள், தலைவர் மேசையில் தலைசாய்த்து அழுதார். குறைகள் இருந்தன, நீதி கிடைக்கவில்லை என்று இன்றும் சொல்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கைகுலுக்க அங்கே வழி இருக்கவில்லை. நம் சபைகளில் ஒரு குடும்பத் தகராறு வந்தால் அந்த ஒழுங்கில் பாதியாவது இருக்கிறதா? அடித்தவனை உட்காரவைத்து என்ன செய்தாய் என்று கேட்ட மூப்பரை நான் பார்த்ததில்லை. இருந்தால் அவர்கள் உங்களுக்கு எழுதட்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாது என்றால் பிரான்சிஸ் பற்றிய பகுதியை வெட்டிவிடுங்கள். என் தம்பியைப் பற்றியதையும் வெட்டலாம், எனக்கு வருத்தமில்லை. மணிக்கட்டு முறிந்த பெண்ணைப் பற்றியதை மட்டும் வெட்ட வேண்டாம். உங்கள் ஞாயிறு இணைப்பை ஆராதனை முடிந்து வந்து படிக்கிற பெண்கள் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்
(பெயரைப் போட வேண்டாம். என் தம்பியும் உங்கள் வாசகன்.)