மருமகன் கொண்டுவந்த பாட்டில்கள்

அன்புள்ள செல்லத்துரை,

கடிதம் கிடைத்தது. தக்கலையில் மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. எனக்கும் வேலை இல்லை. மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த வைட்டமின் பாட்டில்களைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபின், காலமெல்லாம் மருந்துக் கடையில் நின்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

முதலில் வைட்டமின் டி. மருத்துவர் எப்போதோ எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை இன்னமும் வாரம் ஒன்று போடுகிறாய். போதாததற்கு மருமகன் தந்த 5,000 யூனிட் தினமும். கூட்டிப் பார்: வாரத்துக்கு 95,000, நாளொன்றுக்கு 13,500-க்கும் மேல். பெரியவர்களுக்கு அன்றாடம் வேண்டியது 600 யூனிட், எழுபதைத் தாண்டினால் 800. மருத்துவர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது. அந்தப் பெரிய மாத்திரை, குறைபாடு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் போலக் கொடுப்பது. பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கினால், தருகிற கடைக்காரனையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். என் இனம் என்பதால் விட மாட்டேன்.

இந்த வைட்டமின் உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், குமட்டல், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று வரிசையாக வரும். உன் மலச்சிக்கலுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிடு. காட் லிவர் ஆயில் என்கிற மீன் கல்லீரல் எண்ணெயிலும் டி இருக்கிறது, கூடவே வைட்டமின் ஏ. அது மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு. தண்ணீரில் கரைகிற பி வகை சிறுநீரில் போய்விடும் என்று நம்பியும் அள்ளிப் போடாதே. பி6 அதிக அளவில் நெடுநாள் போனால் கைகால் நரம்பு மரத்துப்போகும். குளச்சல் சாளை மீனும் அயிலை மீனும் வாங்கித் தின்பவனுக்கு இவ்வளவு பாட்டில் எதற்கு?

அடுத்தது உன் பெருமை: "சீனியை அடியோடு விட்டுவிட்டேன், கருப்பட்டிக் காப்பிதான்." கருப்பட்டியில் சிறிது தாது உண்டு, மணம் உண்டு, நானும் விட மாட்டேன். ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். சேர்க்கும் இனிப்பு, தேன், பழச்சாறு எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள், முடிந்தால் அதிலும் பாதிக்குள் நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. பாதி என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம். காப்பிக்கு 10 கிராம் கருப்பட்டி என்றாலும் உன் நாலு காப்பியில் 40 ஆகிறது, முந்திரிக்கொத்துப் பலகாரம் தனி. மிஞ்சுகிற இனிப்பைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. குடிக்காதவனுக்கும் கொழுப்புக் கல்லீரல் வருவதில் இதற்கும் பங்குண்டு. முழுசாகத் தின்னும் மட்டி வாழைப்பழம் இந்த 25 கிராம் கணக்கில் வராது, பயப்படாமல் தின்.

பேரன் 'கம்மி' (gummy) என்கிற ஜெல்லி போன்ற வைட்டமினை மிட்டாய் என்று கேட்டு அழுகிறான் என்றாயே, அதில் உண்மையிலேயே சீனி இருக்கும். உயரத்தில் எடுத்து வை. இரும்புச்சத்து மாத்திரை வீட்டில் இருந்தால் பூட்டியே வை. குழந்தை நாலைந்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா? பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வா. லேபிளை நானே படித்துப் பார்க்கிறேன். தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தாசன்