மும்பை சிவாஜி பார்க்கில் சந்தித்த பெரியவருக்கு

பெயரைக் கேட்பதற்குள் நீங்கள் தாதர் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டீர்கள். உங்களை அறிந்த மாட்டுங்காக்காரர் யாராவது இதைப் படித்துக் காட்டினால் போதும்.

என் மகள் இடதுகைக்காரி. பேஸ்பால் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலில், அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முனைகளே பேஸ்கள். அணியில் அவளை ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிறுத்தியிருந்தார்கள். அங்கே பந்தைப் பிடித்ததும் முதல் பேஸுக்கு எறிய உடம்பையே திருப்ப வேண்டும். பேஸ்களுக்கு இடையே 60 அடிதான், அதற்குள் பந்தை அடித்துவிட்டு ஓடுகிறவள் முதல் பேஸைச் சேர்ந்துவிடுவாள். வேகம் போதாது என்ற ஏச்சுதான் மிச்சம். நீங்கள் அவளைச் சற்று நேரம் எறியச் சொல்லி, தாழ்ந்து வரும் பந்துகளை அள்ளச் சொல்லிப் பார்த்தீர்கள். "கை வேகமாகத்தான் இருக்கிறது, நிற்கிற இடம்தான் சரியில்லை. முதல் பேஸில் நில்லம்மா" என்றீர்கள். கையுறை வலது கையில் இருப்பதால் அங்கே அது களத்தின் உட்பக்கம் இருக்கும், இரண்டாம் பேஸுக்கும் அதிகம் திரும்பாமல் எறியலாம் என்று செருப்புகளைப் பேஸ்களாக அடுக்கிக் காட்டினீர்கள். கிரிக்கெட்டைத் தவிர எதுவும் அறியாத எனக்கே புரிந்தது!

அணியைப் பற்றிச் சொன்னது அதைவிடப் பெரிது. கோப்பைகளை எண்ணாதீர்கள், அந்த இடத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஆட்டத்தில் இறக்குவார்களா என்று கேளுங்கள் என்றீர்கள். அப்படியே கேட்டு, முதல் பேஸுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு சிறிய அணியில் சேர்த்தோம். இப்போது ஞாயிறு காலையில் எங்களை எழுப்புவது அவள்தான்.

மிக்க நன்றி ஐயா. மாட்டுங்கா பக்கம் வந்தால் ஃபில்டர் காபி எங்கள் செலவு.