நீ நீட்டிய விரல்

அக்கா,

நாளையோடு ஒரு வருசம். திவசத்துக்கு வருகிறேன். இதை வீட்டாரும் வாசிப்பார்கள் என்பதால் உன் நோயின் பெயரை எழுதவில்லை. கடைசி வாரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் விட்டுவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பத் திரும்ப வருகிறது. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் மழை விட்டிருந்தது. நம் லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில், ஒரு துளி இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கும் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொழுந்துக்குப் போகாத நாள், பெண்கள் வரிசையாக நின்றார்கள். நீயும் வந்து கறையேறிய விரலை நீட்டினாய். "எனக்கும் பாரு தம்பி." பெண்களின் இரத்தசோகை பற்றிய என் ஆய்வு 15 முதல் 49 வயது வரைக்கும்தான். உனக்கு 51. "உன் வயசு இதுல வராதுக்கா" என்றேன். நீ சிரித்துக்கொண்டே விரலைச் சேலையில் துடைத்தாய். துடைக்க அதில் என்ன இருந்தது? ஊசியே குத்தவில்லையே. அப்புறம் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாய்.

பெண்களுக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. உனக்கு எவ்வளவு இருந்திருக்கும்? ஒரு துளி போதும், ஒரு நிமிச வேலை. அனுமதி வாங்கிய திட்டத்தை மீறக்கூடாது, சோதனைத் தகடுகளும் எண்ணித்தான் இருந்தன. அதெல்லாம் உண்மை. ஆனாலும் கணக்கில் சேர்க்காமல் பார்த்திருக்கலாம். மன்னித்துக்கொள்.

சரி, நீயாவது சொல்லியிருக்கலாமே! மலையேறும்போது மூச்சு வாங்குவதைப் பக்கத்துக் காம்பராவில் சொன்ன உனக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? தம்பி படிக்கிறான், தொந்தரவு செய்யக்கூடாதாம். அரைப்பேர் விழுந்து பாதி நாள் சம்பளமே கிடைத்த மாதமும் எனக்குக் காசு அனுப்பினாய். அதை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

நோயாளியைப் பார்த்துப் பழக வேண்டிய காலத்தில் ஆய்வேடு எதற்கு, அலுமாரியில் தூசி பிடிக்கவா என்று சக டொக்டர்கள் கேட்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வார்டில் இரும்புச்சத்துக் குளிசை எழுதிக் கொடுக்க மட்டும்தான் தெரிந்திருந்தது. லயம் லயமாகப் போய்க் கேட்டபோதுதான் நம் பெண்கள் அதைச் சாயத்தண்ணியோடு விழுங்குவது தெரிந்தது. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்று புத்தகத்தில் படித்தவன்தான். ஆனாலும் ஒரு தடவைகூட, எதோடு குடிக்கிறீர்கள் என்று யாரையும் கேட்டதில்லை.

இரண்டு முறை மறுத்த பிறகு, போன வாரம் ஒரு மாணவியின் ஆய்வுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டேன். பதுளைப் பக்கத் தோட்டங்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று அரைப்பக்கம் எழுதியிருந்தாள். விலக்கப்பட்டவர் வந்து கை நீட்டினால் அவருக்கும் பார், தனித்தாளில் எழுது, குறைவாக இருந்தால் அன்றைக்கே துண்டு கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்பு என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"தகடு போதாதே சேர்" என்றாள்.

கூடுதலாக வாங்கு, காசு நான் தருகிறேன் என்றேன்.